போனஸ் என்ற சொல்லும் பந்தயக் கணக்கும்

(பெங்களூருவில் தமிழ்த் தோழர்களுக்கான கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பீன்யாவிலோ பொம்மசந்திராவிலோ எல்லை தாண்டி ஓசூரிலோ வேலை செய்யும் ஒரு தொழிலாளியின் காதில் போனஸ் என்ற சொல் விழுந்தால் அவருக்கு ஆயுதபூஜையும் தீபாவளியும் நினைவுக்கு வரும். ஆலை வாயிலில் நடந்த கூட்டங்களும் நினைவுக்கு வரும். முதலாளியின் கருணையாகக் கிடைத்த இனாம் அல்ல அது. கொடுபடாத ஊதியத்தின் ஒரு பகுதி என்று வாதாடி, வேலைநிறுத்தம் செய்து, சட்டமாக்கிப் பெற்ற உரிமை. 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் அதற்குக் குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம் என்று வரம்பு வைத்திருந்தது. இன்று அந்தச் சட்டமே ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் கரைக்கப்பட்டுவிட்டது. அது தனியாக விவாதிக்க வேண்டிய விஷயம்.

இந்தச் சொல்லைத்தான் இணையச் சூதாட்ட நிறுவனங்கள் எடுத்துக்கொண்டிருக்கின்றன. தொழிலாளியின் கைப்பேசிக்கு வரும் விளம்பரத்தில் "முதல்முறை ஆயிரம் ரூபாய் செலுத்துங்கள், இன்னும் ஆயிரம் ரூபாய் போனஸ்" என்று இருக்கிறது. ஆலையில் 8.33 சதவீதத்திற்கு மாதக்கணக்கில் பேச்சுவார்த்தை நடத்த வேண்டியிருக்கிறது. இங்கே கேட்காமலேயே நூறு சதவீதம். இவ்வளவு தாராளம் எங்கிருந்து வருகிறது? விடை விளம்பரத்தில் இல்லை. அதன் அடியில் பொடி எழுத்தில் உள்ள நிபந்தனைகளில் இருக்கிறது.

அந்த ஆயிரம் ரூபாய் போனஸை எடுத்துக்கொண்டு யாரும் வெளியேற முடியாது. போனஸ் தொகையின் இத்தனை மடங்குக்குப் பந்தயம் வைத்து ஆடிய பிறகே பணத்தை வங்கிக் கணக்குக்கு மாற்றலாம் என்பது முதல் நிபந்தனை. முப்பது மடங்கு என்பது சர்வசாதாரணம். அதாவது 30,000 ரூபாய்க்குப் பந்தயம் கட்ட வேண்டும். சில தளங்கள் செலுத்திய பணத்தையும் போனஸோடு சேர்த்து முப்பதால் பெருக்குகின்றன. அப்போது அது 60,000 ரூபாய் ஆகிவிடும். கையில் உள்ளதோ மொத்தமே 2,000 ரூபாய். அதையே திரும்பத் திரும்பச் சுழற்றித்தான் அந்தத் தொகையை எட்ட வேண்டும்.

இரண்டாவது நிபந்தனை, எந்த ஆட்டத்தை ஆடுகிறோம் என்பதைப் பொறுத்தது. சூட்சுமம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. ஸ்லாட் எனப்படும் சுழல் இயந்திர ஆட்டத்தில் வைக்கும் ஒவ்வொரு ரூபாயும் முழு ரூபாயாகக் கணக்கில் சேரும். ரூலெட் சக்கரத்தில் வைத்தால், தளத்தைப் பொறுத்து, ரூபாய்க்கு இருபது காசு மட்டும் சேரும். பிளாக்ஜாக் சீட்டாட்டத்தில் பத்துக் காசுதான். சில தளங்களில் அதுவும் கிடையாது. ஏன் இந்தப் பாகுபாடு என்று கேட்கிற தொழிலாளிக்கு நிறுவனம் விளக்கம் சொல்வதில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கிவிடும்.

ஒவ்வொரு சூதாட்டத்திலும் கடைக்காரருக்கு ஒரு நிரந்தரப் பங்கு உண்டு. ஒற்றைச் சுழியம் கொண்ட ரூலெட் சக்கரத்தில் 37 அறைகள் உள்ளன. பரிசோ 36 அறைகள் மட்டுமே இருப்பதுபோலக் கணக்கிட்டுக் கொடுக்கப்படுகிறது. அந்த ஓர் அறைதான் கடைக்காரரின் பங்கு, 2.7 சதவீதம். பிளாக்ஜாக்கில் சரியான முறையை மனப்பாடமாக வைத்துப் பிழையின்றி ஆடுபவரிடமிருந்து கடைக்காரர் எடுப்பது ஏறக்குறைய அரை சதவீதம்தான். ஸ்லாட்டில் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். நூறு ரூபாய்க்கு 96 ரூபாய் திருப்பிக் கொடுக்கும் ஆட்டம் நல்ல ஆட்டம் என்று பெயர் பெற்றது. அதாவது கடைக்காரரின் பங்கு 4 சதவீதம்.

இப்போது கணக்கு. ஸ்லாட்டில் முழு 30,000 ரூபாய்க்கும் ஆடி முடிக்கச் சராசரிச் செலவு 1,200 ரூபாய். கிடைத்த போனஸ் 1,000 ரூபாய். இலவசமாகக் கொடுக்கப்பட்டது முழுவதும் திரும்பிவிட்டது, போதாக்குறைக்குத் தொழிலாளியின் பணத்திலிருந்தும் 200 ரூபாய் போய்விட்டது. ஒரே ஸ்லாட் ஆட்டத்தைத் திருப்பிக் கொடுக்கும் விகிதம் வேறுவேறாக உள்ள பல பதிப்புகளாகத் தயாரிப்பாளர்கள் விற்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே படம், அதே இசை, ஆனால் விகிதம் 92 என்றால் செலவு 2,400 ரூபாய். ஆடுபவர் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

சரி, கடைக்காரரின் பங்கு குறைவாக உள்ள பிளாக்ஜாக்கை ஆடினால் என்ன? ரூபாய்க்குப் பத்துக் காசுதான் சேரும் என்பதால் 30,000 ரூபாய் நிபந்தனையை நிறைவேற்ற 3,00,000 ரூபாய்க்குப் பந்தயம் வைக்க வேண்டும். அரை சதவீதம் என்றாலும் செலவு 1,500 ரூபாய். ஸ்லாட்டைவிட அதிகம். ரூலெட்டிலோ 1,50,000 ரூபாய்க்கு ஆட வேண்டும். செலவு 4,000 ரூபாய்க்கு மேல். கையில் 2,000 ரூபாய் மட்டுமே உள்ளவர் அந்தப் பாதையில் பெரும்பாலும் நடுவழியிலேயே கவிழ்ந்துவிடுவார். பாதியை ஸ்லாட்டிலும் பாதியை பிளாக்ஜாக்கிலும் முடிக்கலாமே என்று புத்திசாலித்தனமாக யோசிப்பவருக்கு 600ம் 750ம் சேர்ந்து 1,350 ரூபாய்.

பிளாக்ஜாக் முழுமையாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டால் 30,000 ரூபாய்க்கு ஆடிமுடிக்க 150 ரூபாய்தான் செலவாகும்; 850 ரூபாய் ஆடுபவருக்கு மிஞ்சும். இணையச் சூதாட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் கணக்குத் தெரிந்த சிலர் இப்படித்தான் போனஸைக் கறந்துகொண்டு போனார்கள். நிறுவனங்கள் விழித்துக்கொண்டன. ஆட்டக்காரருக்குச் சாதகமான ஆட்டம் எதுவோ அதன் மதிப்பைக் குறைத்தன. ரூலெட்டில் சிவப்பிலும் கறுப்பிலும் சமமாகப் பணம் வைத்து ஆபத்தில்லாமல் சுழற்றுபவரின் போனஸைப் "முறைகேடான ஆட்டம்" என்று சொல்லி ரத்துசெய்யும் விதியைச் சேர்த்தன. ஒரு சுற்றில் இவ்வளவுக்கு மேல் வைக்கக் கூடாது, இத்தனை நாளுக்குள் முடிக்க வேண்டும் என்ற விதிகளும் சேர்ந்தன. எந்த ஆட்டத்தைத் தேர்ந்தெடுப்பது என்ற "சுதந்திரம்" ஆடுபவருக்கு உண்டு. எந்தத் தேர்விலும் கடைக்காரர் நட்டப்படாதபடி விலைப்பட்டியல் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது.

நேரத்தையும் பார்க்க வேண்டும். பத்து ரூபாய் வீதம் ஸ்லாட் சுற்றினால் 3,000 சுற்றுகள். சுற்றுக்கு ஐந்து விநாடி என்று வைத்தாலும் நான்கு மணி நேரத்திற்கு மேல் ஆகும். நூறு ரூபாய் வீதம் பிளாக்ஜாக் ஆடுபவர் 3,000 கை ஆட வேண்டும். மணிக்கு அறுபது கை என்றால் ஐம்பது மணி நேரம். கெடு ஏழு நாள் என்றால் நாளொன்றுக்கு ஏழு மணி நேரத்திற்கு மேல். ஆலையில் ஒரு ஷிப்டு முடித்து வந்தவர் கைப்பேசியில் இன்னொரு ஷிப்டு பார்க்கிறார், கூலியைத் தானே கட்டிக்கொண்டு. திருக்குறளின் சூது அதிகாரம் தொடக்கத்திலேயே வெற்றியைத் தூண்டில் முள்ளில் கோத்த இரையாகப் பார்க்கிறது. அந்த நாளில் தூண்டில்காரன் மீனிடம் முப்பது மடங்கு நீந்தச் சொல்லவில்லை.

இது வெளிநாட்டு கேசினோக்களின் கதை, பெங்களூருவுக்கு இதில் என்ன இருக்கிறது என்று சில தோழர்கள் நினைக்கலாம். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுத் தொழிலுக்கு இந்தியாவில் முக்கியமான தலைநகரங்களில் ஒன்றாக இருந்தது பெங்களூருதான். ரம்மி கல்ச்சர் தளத்தை நடத்திய கேம்ஸ்கிராஃப்ட், எம்பிஎல் எனப்படும் மொபைல் பிரீமியர் லீக் ஆகியவற்றின் தலைமையகங்கள் இங்கேதான் உள்ளன. இந்தத் தொழிலின் தலைவிதியைத் தீர்மானித்த வழக்குகள் பலவும் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நடந்தன. 2021 அக்டோபர் 5 அன்று நடைமுறைக்கு வந்த கர்நாடக காவல் திருத்தச் சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்தது. 2022 பிப்ரவரி 14 அன்று உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளை ரத்துசெய்தது. திறமையால் ஆடும் ஆட்டத்தைச் சூதாட்டம் என்று சொல்ல முடியாது என்பதே வாதத்தின் அடித்தளம். 1957இல் சமர்பாக்வாலா வழக்கிலும், ரம்மி பற்றி 1967இல் ஆந்திர வழக்கிலும் உச்ச நீதிமன்றம் கூறியவற்றிலிருந்து வளர்ந்து வந்த வாதம் அது. தமிழ்நாட்டிலும் இதே வாதம்தான். 2021ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை உயர் நீதிமன்றத்தில் வீழ்ந்தது. நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு வந்த சட்டத்திலும் ரம்மி, போக்கர் ஆகியவற்றின் மீதான தடை 2023 நவம்பரில் நீக்கப்பட்டது. ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மட்டும் மாநிலத்திடம் நிலைத்தது. நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரை ஆடக் கூடாது என்ற விதி அந்த அதிகாரத்தின் கீழ் வந்ததுதான்.

ரம்மியில் திறமை இருக்கிறதா என்றால் இருக்கிறது. திண்ணையில் ரம்மி ஆடிய எவரும் அதை மறுக்க மாட்டார்கள். ஆனால் திண்ணையில் பத்து சதவீதம் எடுத்துக்கொண்டு போக மூன்றாவது ஆள் உட்கார்ந்திருக்கவில்லை. ஓர் எடுத்துக்காட்டு. ஆறு பேர் ஆளுக்கு 1,000 ரூபாயுடன் இணைய மேசையில் அமர்கிறார்கள். மொத்தம் 6,000 ரூபாய். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஆளுக்கு 100 ரூபாய். சேரும் 600 ரூபாயில் பத்து சதவீதம், அதாவது 60 ரூபாய், நிறுவனத்தின் சேவைக் கட்டணம். மேசைக்குப் புதுப் பணம் வராமல் நூறு ஆட்டத்துக்கான கட்டணம் எடுக்கப்பட்டால் அது சரியாக 6,000 ரூபாய். அறுவரின் பணமும் காலி. அவர்களில் யார் திறமைசாலி என்ற கேள்விக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. பணம் எந்தச் சட்டைப்பை வழியாகப் போகிறது என்பதைத் திறமை தீர்மானிக்கலாம். போய்ச் சேரும் இடத்தை மாற்ற அதனால் முடியாது. மேசை காலியாகாமல் ஓட வேண்டுமானால் புதிது புதிதாகத் தோற்பவர்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும். அவர்களை அழைத்துவரத்தான் போனஸ்.

பல ரம்மி தளங்களில் போனஸ் தவணை தவணையாகவே விடுவிக்கப்பட்டது. பணம் வைத்து ஆட ஆட, கட்டணம் கட்டக் கட்டக் கொஞ்சம் கொஞ்சமாகக் கையில் வரும். கெடு முடிந்தால் எஞ்சியது காலாவதி. கேசினோ முப்பது மடங்கு என்று சொன்னதை ரம்மி நிறுவனம் வேறு மொழியில் சொன்னது. நீதிமன்றங்களில் ஆட்டத்தின் இயல்பு பற்றி ஆண்டுக்கணக்கில் வாதம் நடந்தது. நிறுவனத்தின் நிபந்தனைத் தாள் அந்த அளவுக்கு விசாரிக்கப்படவில்லை.

வரி வழக்கு இதை வேறொரு கோணத்தில் வெளிச்சமிட்டது. 2017 முதல் 2022 வரையிலான காலத்துக்கு சுமார் 21,000 கோடி ரூபாய் ஜிஎஸ்டி கட்ட வேண்டும் என்று கேம்ஸ்கிராஃப்டுக்கு அறிவிப்பு வந்தது. பந்தயத் தொகை முழுவதற்கும் 28 சதவீதம் என்பது வரித்துறையின் நிலை. தனது கட்டணத்துக்கு மட்டுமே வரி என்பது நிறுவனத்தின் நிலை. துறையின் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டால் ஏறத்தாழ 75,000 கோடி ரூபாய் பந்தயம் ஒரே நிறுவனத்தின் மேசைகளில் சுழன்றிருக்கிறது. அதே பணம் பலமுறை சுழன்றதும் அதில் அடக்கம் என்பதை மறக்கக் கூடாது. சுழற்சிதானே இந்தத் தொழிலின் உயிர். 2023 மே 11 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் அறிவிப்பை ரத்துசெய்தது; செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. 2023 அக்டோபர் 1 முதல் ஆடுபவர் செலுத்தும் தொகை முழுவதற்கும் 28 சதவீத வரி என்று சட்டம் திருத்தப்பட்டது. நூறு ரூபாய் செலுத்தினால் வரி போக 78 ரூபாய் சொச்சம்தான் மிஞ்ச வேண்டும். நிறுவனங்கள் பல என்ன செய்தன? குறைந்த 22 ரூபாயைப் போனஸாகப் போட்டு நூறைக் காட்டின. விலை ஏறியது வாடிக்கையாளரின் கண்ணில் படக் கூடாது என்பதற்காக!

2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசு பணம் வைத்து ஆடும் எல்லா இணைய விளையாட்டுகளையும் தடைசெய்யும் சட்டத்தைக் கொண்டுவந்தது. திறமையா அதிர்ஷ்டமா என்ற வேறுபாட்டையே அந்தச் சட்டம் ஒதுக்கிவிட்டது. நடத்துபவர்களுக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. சுமார் 45 கோடிப் பேர் ஆண்டுக்கு ஏறத்தாழ 20,000 கோடி ரூபாய் இழக்கிறார்கள் என்பது அரசே கூறிய மதிப்பீடு. அப்படிப்பட்ட ஒரு பிரச்சினை ஆகஸ்ட் 20 அன்று மக்களவையிலும் 21 அன்று மாநிலங்களவையிலும் அமளிக்கிடையே, விரிவான விவாதமின்றி முடிக்கப்பட்டது. 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்துவிட்டது. ஏ23 ரம்மி தளத்தை நடத்தும் நிறுவனம் பெங்களூருவில் உள்ள உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இத்தகைய வழக்குகளைத் தன்னிடம் மாற்றிக்கொண்டது.

சூதாட்டத்தைத் தடைசெய்ததை எதிர்க்க இடதுசாரிகளுக்குக் காரணம் எதுவுமில்லை. விவாதிக்கப்படாமல் விடப்பட்ட இரண்டு விஷயங்களைத்தான் பேச வேண்டும். ஒன்று, இந்த நிறுவனங்களின் ஊழியர்கள். எம்பிஎல் தனது இந்திய ஊழியர்களில் சுமார் 60 சதவீதம் பேரை வெளியேற்றுவதாகச் செய்திகள் வந்தன. கோரமங்கலாவிலும் பெல்லந்தூரிலும் வாடகை வீட்டில் இருந்துகொண்டு மென்பொருள் எழுதிய, வாடிக்கையாளர் அழைப்புக்குப் பதில் சொன்ன இளைஞர்கள் நிபந்தனைத் தாளை எழுதியவர்கள் அல்லர். லாபம் முதலீட்டாளர்களிடம் போயிற்று. தடையின் விலை ஊழியரிடம் வந்தது. அவர்களுக்கான மாற்று ஏற்பாடு பற்றிச் சட்டத்தில் ஒரு வரி இல்லை.

மற்றொன்று, கடல் கடந்த தளங்கள். உள்நாட்டு மேசை மூடப்பட்டதும் தோற்ற பணத்தை மீட்கத் துடிக்கும் மனிதர் எங்கே போவார்? குராசாவ் போன்ற தீவுகளின் உரிமத்தோடு இயங்கும் கேசினோக்களின் இணைப்பு டெலிகிராமில் வந்து சேர்கிறது. 2022க்கும் 2025க்கும் இடையே 1,400க்கும் மேற்பட்ட சூதாட்டத் தளங்களை முடக்கியதாக ஒன்றிய அரசே கூறியது. ஒன்றை முடக்கினால் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி இன்னொன்று வருகிறது. உரையின் தொடக்கத்தில் போட்ட கணக்கு இந்தத் தளங்களின் கணக்குதான். இங்கே முறையிட நீதிமன்றமும் இல்லை, அதிகாரியும் இல்லை. நிபந்தனையை நிறைவேற்றிப் பணம் கேட்கும்போது ஆவணம் சரியில்லை என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது.

சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக வைத்திருக்கும் பிரிட்டனில்கூட இந்த நிபந்தனைகளுக்குக் கடிவாளம் போட வேண்டியிருந்தது. 2026 ஜனவரி 19 முதல் அங்கே போனஸின் பத்து மடங்குக்கு மேல் ஆடச் சொல்லக் கூடாது; ஒரு போனஸைப் பெற ஸ்லாட்டையும் பந்தயத்தையும் சேர்த்து ஆட வேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் கூடாது. அதே ஆயிரம் ரூபாய்க் கணக்கில் பத்து மடங்கு என்றால் 96 சதவீத ஸ்லாட்டில் சராசரிச் செலவு 400 ரூபாய். போனஸ் முதல்முறையாகப் போனஸாகிறது. முப்பது மடங்கு எதற்காக இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒப்புதல் வாக்குமூலம் தேவையில்லை.

கிளைகளில் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் மிகத் தாமதமாகத்தான் தெரியவருகிறது. கடன் செயலிக்காரர்கள் உறவினர்களை அழைத்து அவமானப்படுத்தத் தொடங்கிய பிறகு, வைப்பு நிதியிலிருந்து முன்பணம் கேட்டு விண்ணப்பம் வந்த பிறகு, அல்லது வீட்டுப் பெண்கள் நகை எங்கே என்று கேட்ட பிறகு. அப்போது அந்தத் தோழரை உட்காரவைத்துப் பேராசை பற்றிப் பாடம் நடத்துவதில் பயனில்லை. அவர் ஏற்கெனவே வெட்கத்தில் புதைந்திருக்கிறார். வெட்கம்தான் அவரை மறுபடி கைப்பேசியை எடுக்கவைக்கிறது. "இந்த முறை சரியான ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் மீட்டுவிடலாம்" என்ற எண்ணமே அவரைப் பிடித்து வைத்திருக்கும் கடைசிக் கயிறு. இணையத்தில் அதற்கு ஆலோசனை சொல்லும் கட்டுரைகளுக்கும் காணொளிகளுக்கும் பஞ்சமில்லை. புதியவரைச் சேர்த்துவிட்டால் தரகு கிடைக்கும் என்பதால் எழுதப்படுபவை அவற்றில் ஏராளம். அந்தக் கயிற்றை அறுக்க அறிவுரை போதாது, ஒரு துண்டுக் காகிதமும் பேனாவும் வேண்டும். போனஸ் எவ்வளவு, எத்தனை மடங்கு, எந்த ஆட்டத்துக்கு எத்தனை காசு, கடைக்காரரின் பங்கு எவ்வளவு என்று அவரையே எழுதச் சொல்லிப் பெருக்கச் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்புக் கணக்குதான். தன் கையால் போட்ட கணக்கை மனிதர் எளிதில் மறுக்க மாட்டார்.

யுபிஐ வழியாகப் பணம் ஏமாற்றப்பட்டிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் பதிய வேண்டும். முதல் சில மணி நேரம் முக்கியம். ஆட்டத்தை நிறுத்த முடியாமல் தவிப்பவருக்கு மருத்துவ உதவி இதே நகரத்தில் இருக்கிறது. ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனை, கைப்பேசி மற்றும் இணையப் பழக்கத்திலிருந்து மீள முடியாதவர்களுக்காக 2014 முதல் ஷட் கிளினிக் என்ற தனிப் பிரிவை நடத்தி வருகிறது. நேரில் போகத் தயங்குபவர்கள் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலும் பேசலாம், கன்னடத்திலும் பேசலாம். கிளை அறிவிப்புப் பலகைகளில் இந்த இரண்டு எண்களும் இந்த வாரமே எழுதப்பட வேண்டும்.